மைத்தே எச்செபெரியின் கூரை எழும்பும் வண்டி

மைத்தே எச்செபெரி தன் வாழ்நாளில் புத்தம் புதிதாக வாங்கிய ஒரே பெரிய பொருள், பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கிற கேம்பர். ஓடும்போது கூரை படிந்து பெட்டி மாதிரி இருக்கும். நின்ற இடத்தில் கூரையை உள்ளிருந்து தள்ளி உயர்த்தினால் நாலு பக்கமும் துணிச் சுவர் விரியும். ஆள் நிமிர்ந்து நிற்கலாம், படுக்கலாம். எங்கள் எல்கோ ஊரில் தெருவுக்கு நாலு வாசலில் இப்படி ஒன்று நிற்கும். வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ போகிறவர்களுடையதாக இருக்கும். மைத்தே துப்பாக்கியைத் தொட்டதில்லை. மீன் வாசனை அவருக்கு ஆகாது.

அந்தப் பெண்மணி வாங்கியது அண்ணனுக்காக. அந்த அண்ணன் ஆறு வருஷமாக இருபத்தைந்து அடிக்கு மேல் நகர முடியாதவர்.

அண்ணன் பெயர் கிராசியன். தங்கச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் பாறை உடைத்த மனிதர். பாறைத் தூசு நுரையீரலில் படிந்துவிட்டது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று கூடத்து மூலையில் நிற்கும்; அதிலிருந்து வரும் மூக்குக்குழாயின் நீளம் இருபத்தைந்து அடி. சமையலறை வரை எட்டும், கழிப்பறை வரை எட்டும், வாசல் கதவுக்கு இரண்டு அடி முன்னால் நின்றுவிடும். அந்த மெஷின்களைப் பழுது பார்ப்பதும் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் என் வேலை. இந்த ஊரில் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். அவர்கள் வீட்டில் எனக்குப் பெயரே சிலிண்டர்தான்.

அக்டோபரில் ஒருநாள் மெஷினின் வடிகட்டியை மாற்றிக்கொண்டிருந்தேன். கிராசியன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"சிலிண்டர், வடக்கு ரோட்டுல சேஜ் கோழி, அந்தப் புதர்க்காட்டுக் கோழிங்க ஆடுற இடம் ஒண்ணு இருக்கு. நீ பார்த்திருக்கியா?"

"கேள்விப்பட்டிருக்கேன். வசந்தத்துல விடிகாலையில ஆடுமாம்."

"சுரங்கத்து பஸ்ஸு தினமும் அந்த வழியாத்தான் போகும். பஸ்ஸுல எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ஞ்சுகிட்டு, 'அந்தா பாரு, அந்தா பாரு'ம்பானுங்க. நான் தொப்பியை மூஞ்சியில போட்டுக்கிட்டுத் தூங்கிட்டிருப்பேன். நாளைக்குப் பார்த்துக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னே முப்பத்தொரு வருஷம் போயிருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது. சமையலறையில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்த மைத்தே திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

மைத்தேக்கு அப்போது அறுபத்தொரு வயது. கவுண்ட்டி சாலைத் துறையில் கிரேடர் ஓட்டி அந்தச் செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றிருந்தார். மலையடிவார மண் ரோடுகளைச் சீவிச் சமன் செய்கிற பெரிய இயந்திரம் அது. இருபத்தேழு வருஷம் அதில் தனியாகவே உட்கார்ந்து ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதிகம் பேசாதவர், ஆனால் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கத்துப் போல்ட் என்று சொல்லிவிடுவார்.

மூன்று வாரம் கழித்து நான் போனபோது வாசலில் அந்தக் கேம்பர் நான்கு இரும்புக் கால்களில் நின்றுகொண்டிருந்தது. வெறும் ஓடு. உள்ளே தரையும் சுவரும் கூரையும் தவிர ஒன்றுமில்லை. அலுமினிய வாசனை போகவில்லை.

"எல்லாம் வெச்சே விக்கிறாங்களே, வெறுங்கூடா வாங்கியிருக்கீங்க?" என்றேன்.

"அவங்க வைக்கிறதெல்லாம் நல்லா மூச்சு விடுறவங்களுக்கு," என்றார் மைத்தே. "உன் மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு சொல்லு."

அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உடனே வேண்டாம் என்றேன். நடு வழியில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது, மேட்டில் காற்று இன்னும் மெலிந்திருக்குமே, குளிர் என்ன ஆவது என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் கேம்பரின் உட்சுவரிலேயே எழுதினார். மின்சாரம். உயரம். குளிர்.

"வேற?"

"நெருப்பு," என்றேன். "அடுப்பே கூடாது. ஆக்ஸிஜன் கசியுற இடத்துல ஒரு தீப்பொறி போதும்."

நெருப்பு என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அந்தச் சுவரில் எழுதியதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். அதை அருகிலிருந்து பார்த்தவன் நான். பொறியாளர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன், மருத்துவர்கள் வேலை செய்வதையும் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷி பனிக்கால வாசலில் தனியாக நின்று, ஒரு ஆளின் மூச்சுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஆறரை அடி அகலத்துக்குள் கொண்டுவருவதை அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டு மெஷின் கேம்பருக்குச் சரிப்படாது, மின்சாரத்தை விழுங்கிவிடும். பெட்டி அளவிலான சின்ன மெஷின் ஒன்றுக்கு டாக்டரிடம் எழுதி வாங்கினேன். அது ஒரு பகலும் இரண்டு இரவும் நிற்காமல் ஓடுகிற அளவுக்கு மைத்தே பேட்டரிகளைப் பொருத்தினார். அதிகக் குளிரில் பேட்டரி மின்சாரம் ஏற்றிக்கொள்ளாது என்று தெரிந்ததும், பெஞ்சுக்கு அடியில், சூடு படுகிற இடத்துக்கு மாற்றினார். கூரையில் சோலார் பலகைகள். வெயில் இல்லாத நாளில் வண்டி எஞ்சினை ஓட்டினாலே பேட்டரி நிரம்புகிற மாதிரி தடித்த கம்பி ஒன்றை முன்னாலிருந்து இழுத்தார். சமையலுக்கு அடுப்பு வண்டியின் பின்கதவுக்கு வெளியே. உள்ளே சூட்டுக்கு, எரிகிற பாகமும் புகையும் முழுக்க வெளியே இருக்க, சூடான காற்றை மட்டும் உள்ளே அனுப்பும் டீசல் ஹீட்டர். அதைப் பொருத்திய அன்று சோப்பு நுரையை இணைப்புகளில் தடவி, குமிழி வருகிறதா என்று தரையில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தார்.

சோலார் பலகை ஏற்றியதில் ஒரு சிக்கல் வந்தது. கூரை கனத்துவிட்டது. கிரேடர் நெம்புகோலை இழுத்து இழுத்து மைத்தேயின் வலது தோள் தசை எப்போதோ கிழிந்துபோயிருந்தது. உள்ளே நின்று தள்ளினார். கூரை பாதி எழுந்து அப்படியே படிந்தது. மறுபடி தள்ளினார். கிராசியன் வாசல் கதவுக்கு இரண்டு அடி முன்னால் நின்று குழாய் இழுபட, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைத்தே! விட்ரு! நான் பறவையே பார்க்கலன்னாலும் ஒண்ணும் செத்துப்போக மாட்டேன்!"

"உன்னைக் கேட்டாங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "போய் உட்காரு. குழாய் இழுக்குது."

கார் டிக்கியைத் தாங்கிப் பிடிக்குமே காற்றுத் தண்டு, அதில் இன்னும் வலுவானதாக நாலு வரவழைத்தார். அதன் பிறகு இடது கையால் ஒரு தள்ளு; கூரை தானே மூச்சு இழுத்த மாதிரி மேலே போனது.

பிப்ரவரியில் வாசலிலேயே ஒத்திகை. கிராசியனைக் கேம்பரில் படுக்க வைத்து மூன்று நாள் வெளி மின்சாரமே இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. முதல் இரவு முடிந்த காலையில் நான் போனேன். மெஷின் ஓடியது, பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் கிராசியன் நனைந்திருந்தார்.

"என்னடா இது, உள்ளே மழை பெய்யுது!" என்று தலையணையைப் பிழிந்து காட்டினார்.

வெளியே பூஜ்யத்துக்கு வெகு கீழே. உள்ளே அண்ணனும் தங்கையும் விட்ட மூச்செல்லாம் துணிச் சுவரில் குளிர்ந்து, நீராகி, விடிய விடியச் சொட்டியிருக்கிறது. மைத்தே ஈரத்துணியை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் தோல்வி இல்லை. புது ரோட்டில் முதல் குழி தெரிந்தவரின் முகம் அது. அவர்களுடைய சித்தப்பா மகன் பண்ணையிலிருந்து கழுவிய செம்மறி ரோமம் இரண்டு மூட்டை வந்தது. அதைத் துணிக்கு இடையே வைத்துத் தைத்து, உட்சுவர் முழுக்கப் பட்டையாகப் பொருத்தினார். கூரையில் ஒரு சின்ன காற்றாடியும் வைத்தார். அடுத்த ஒத்திகையில் தலையணை காய்ந்தே இருந்தது.

"இப்ப செம்மறியாடு வயித்துக்குள்ள படுத்த மாதிரி இருக்கு," என்றார் கிராசியன்.

"நாத்தம் அடிக்குதா?"

"அடிக்குது. நல்லாத்தான் இருக்கு."

ஏப்ரல் இரண்டாம் வாரம் கிளம்பினோம். டாக்டர் ஒரே நிபந்தனை வைத்தார், மெஷின் தெரிந்த ஆள் கூடப் போக வேண்டும் என்று. அதனால் நானும் போனேன்.

வீட்டு வாசலில் குழாயை வீட்டு மெஷினிலிருந்து கழற்றி, தோளில் மாட்டிய சிலிண்டரில் சொருகினேன். கிராசியன் கதவைத் தாண்டினார். வருஷத்துக்கு நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் தாண்டியவர். படியில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்குப் பச்சை அடிச்சிருக்கான். நல்லாவே இல்ல," என்றார். ஏறி உட்கார்ந்தார்.

தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்குகிற இடத்தில் மைத்தே வண்டியை நிறுத்தினார். கேம்பரை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கிற நாலு திருகுக் கொக்கிகளையும் பார்க்க வேண்டும். புதுக் கேம்பர் முதல் நூறு மைலில் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும், கொக்கி தளரும். ஒவ்வொரு திருகின் மேலும் அதன் அடிப்பட்டையின் மேலும் சேர்த்து ஒரே வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்து வைத்திருந்தார். திருகு மயிரிழை சுழன்றாலும் கோடு முறிந்து தெரியும். நாலில் ஒன்று முறிந்திருந்தது. குனிந்து இறுக்கினார், எழுந்தார். அந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்து நின்றபோதுதான் என் பயம் போனது. இத்தனை மாதத்தில் இந்தப் பயணத்தில் எங்கே எது தவறும் என்று நான் யோசித்ததைவிட நூறு மடங்கு அவர் யோசித்திருந்தார்.

ஆடுகளத்திலிருந்து தள்ளி, ரோட்டோரத்தில் சாயங்காலமே நிறுத்தினோம். பறவைகள் வந்த பிறகு ஆள் நடமாட்டம் கூடாது. கூரை எழும்புகிற அசைவுகூடக் கூடாது. அதனால் அப்போதே கூரையை உயர்த்தி, காற்றில் துணி படபடக்காமல் இருக்க மைத்தே தைத்திருந்த பட்டைகளை இறுக்கிக் கட்டினோம். பின்கதவுக்கு வெளியே சொரிசோத் தொத்திறைச்சியைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தின்றோம். இருட்டும் முன்பே படுத்துவிட்டோம்.

விடிவதற்கு முன் நான் கண் விழித்தபோது காற்று நின்றிருந்தது, உலகமே மெத்தென்று இருந்தது. ஜன்னல் துணியைக் கொஞ்சம் விலக்கினேன். பனி பெய்திருந்தது. சமவெளி முழுக்க வெள்ளை. மைத்தே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், கூரைத் தண்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

"மூணு அங்குலம் இருக்கும் மேலே," என்று கிசுகிசுத்தார். "தாங்கும்."

சோலார் பலகைகள் பனிக்கடியில். பேட்டரியில் பாதிக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் அது போதும். எங்கள் மூன்று பேரையும் கவலைப்படுத்தியது வேறு. ஆக்ஸிஜன் மெஷின் மூச்சு விடுகிற மாதிரி டப், ஸ்ஸ், டப், ஸ்ஸ் என்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் காதில் விழாத சத்தம். அந்த நிசப்தத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"அதை நிறுத்து," என்றார் கிராசியன்.

"முடியாது," என்றேன்.

"ஒரு அரை மணி நேரம். சமாளிச்சுக்குவேன்."

"பத்து நிமிஷத்துல உதடு நீலமாயிரும் உங்களுக்கு."

"சிலிண்டர், முப்பத்தொரு வருஷம் தூங்கினேன். இந்தச் சனியனோட சத்தத்துல அதுங்க வராமப் போச்சுன்னா..."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றார் மைத்தே. பெஞ்சின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே பெரிய சிலிண்டர் ஒன்று, தோல் பட்டைகளால் அசையாமல் கட்டப்பட்டு, குழாய் ஏற்கெனவே மாட்டப்பட்டு நின்றது. என் மாற்றுச் சிலிண்டர்கள் கேம்பருக்கு வெளியே பெட்டியில் இருந்தன, எடுக்கப் போனால் பறவைகள் மிரளும். இவர் இதையும் வைத்திருப்பது எனக்குத் தெரியாது. வால்வைத் திருகினார். அண்ணனின் மூக்குக்குழாயை இதற்கு மாற்றினார். விரலை அவர் மூக்கருகே வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகுதான் மெஷினை நிறுத்தினார்.

"அஞ்சு மணி நேரம் வரும். சத்தமே வராது."

வரவில்லை. அந்த நிசப்தத்துக்குள், எங்கோ மிக அருகில், குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினால் கடைசியில் ஒரு 'குளுக்' கேட்குமே, அது கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு பத்து, இருபது.

வழக்கமான ஆடுகளத்தில் பனி முழங்கால் அளவு ஒதுங்கியிருந்தது. ரோட்டில்தான் இரவுக் காற்று பனியைச் சீவி எடுத்துவிட்டிருந்தது. பறவைகள் ரோட்டுக்கு வந்திருந்தன. எங்கள் வண்டியின் முன்னாலும் பின்னாலும், சக்கரத்துக்கு அடியிலும்கூட.

வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒவ்வொரு சேவலும் வான்கோழி அளவு. கழுத்தில் வெள்ளை ரோமத்தால் ஒரு பெரிய சால்வை. வால் சிறகுகள் ஊசி ஊசியாக விரிந்து பின்னால் சூரியன் மாதிரி நின்றன. இரண்டடி முன்னால் வைக்கும், மார்பை ஊதும். வெள்ளை ரோமத்துக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் பைகள் பலூன் மாதிரி பிதுங்கி, குலுங்கி, அந்தச் சத்தத்தோடு உள்ளே போகும். மறுபடி இரண்டடி. ஐம்பது அறுபது சேவல்கள் இதையே செய்தன. நடுவே சாம்பல் நிறப் பெட்டைகள், சந்தையில் எதுவும் பிடிக்காதவர்கள் மாதிரி, இங்கே அங்கே பார்த்தபடி நடந்தன. அவற்றின் மூச்சு குளிரில் புகையாக எழுந்தது. மலை விளிம்பில் சூரியன் வந்தபோது அந்தப் புகையெல்லாம் பொன்னிறமானது.

நான் பத்தொன்பது வருஷம் இந்தப் பகுதியில் வண்டி ஓட்டியவன். இதற்குப் பக்கத்திலேயே இத்தனை நாள் இருந்தேன் என்பதை நம்ப முடியவில்லை. 

ஒரு சேவல் வண்டியின் முன்பக்க மூடி மேல் ஏறி அங்கே நின்று ஆடியது. அதன் நகங்கள் தகரத்தில் கிறீச்சிடுவது கேம்பர் வழியாக எங்களுக்குக் கேட்டது.

"என் பெயின்ட்டு," என்று முணுமுணுத்தார் மைத்தே.

கிராசியன் ஜன்னலின் மெல்லிய வலையில் நெற்றியை வைத்திருந்தார். அவர் முகத்துக்கும் அருகிலிருந்த பறவைக்கும் நாலடி தூரம். கண் கொட்டவில்லை. அவர் கை பின்னால் நீண்டு தங்கையின் சட்டைக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை விடவில்லை. கிழிந்த தோள் பக்கத்துக் கை அது. வலித்திருக்கும். மைத்தே அசையவில்லை.

மேலே ஒரு கழுகு வட்டமிட்டது. ஒரே நொடியில் அத்தனை பறவையும் எழுந்தன. வண்டி அதிர்ந்தது, கூரைப் பனி ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. பிறகு ரோடு வெறுமையாகக் கிடந்தது, நட்சத்திர நட்சத்திரமாகக் கால் தடங்களோடு.

கிராசியன் வலையிலிருந்து நெற்றியை எடுத்தார்.

"மைத்தே, பஸ்ஸுல அவனுங்க சொன்னது பொய்டி."

"என்ன பொய்?"

"இதுல பத்துல ஒரு பங்கு கூட அவனுங்க சொல்லல."

மைத்தே எழுந்து வெளியே போனார். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். விளக்குமாறை எடுத்து, சோலார் பலகையிலிருந்த பனியைத் தள்ளத் தொடங்கினார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கிராசியனின் நுரையீரல் தேறவில்லை. அது தேறுகிற நோய் இல்லை. ஆக்ஸிஜனின் அளவைக் கூட்டியிருக்கிறோம், மைத்தே இன்னொரு பேட்டரி சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் கூரையை உயர்த்தி வைத்து, துணி முழுக்க உலர்ந்த பிறகுதான் மடக்குவார். வருஷத்துக்கு இரண்டு தடவை ஏணி போட்டு ஏறி, கூரை விளிம்பில் பசை வெடித்திருக்கிறதா என்று நகத்தால் கீறிக் கீறிப் பார்ப்பார். கீல்களுக்கு எண்ணெய், கதவின் ரப்பருக்குப் பவுடர், வெள்ளைக் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட். உட்சுவரில் பென்சிலால் எழுதிய பட்டியலின் கீழே இப்போது வேறொரு பட்டியல், போய் வந்த இடங்கள். ஹம்போல்ட் ஆற்றின் ஊற்று, உப்புத் தரை, காட்டுக் குதிரைகள் தண்ணீர் குடிக்கிற குட்டை. போன மாதம் எண்ணியபோது பதினேழு இருந்தன. முதல் சில பயணங்களுக்குப் பிறகு, மெஷின் தெரிந்த ஆளாக மைத்தேயையே டாக்டர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

நேற்று மாதச் சிலிண்டர்களோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மணியை அடித்தேன், யாரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். என் தொழிலில் திறக்காத கதவுக்கு ஒரே அர்த்தம்தான். பிறகுதான் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். கிராசியனின் கோணல் எழுத்து.

"சிலிண்டர், நாங்க ஊர்ல இல்ல. எப்ப வருவோம்னு தெரியாது. ஆக்ஸிஜன் பாட்டிலை வாசல்ல வெச்சிட்டுப் போ."